சந்திக்குத்தானே

"சந்திக்குத்தானே போறன்" என்று சொல்லித்தான் குகநேசன் எப்போதும் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு போவார். பொலிஸைக் கண்டால் மட்டும் தலையில் வைப்பார். மனைவி மங்களேஸ்வரி கல்யாணம் கட்டிய நாள் முதல் கத்திக் களைத்துப்போனாள். புளியங்குளச் சந்தியில் லொறி அடித்து அவர் செத்தபோதும் அது ஹாண்டிலில்தான் தொங்கியது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் காலை, சுவர் ஆணியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் காணவில்லை. பின்னேரம் அது திரும்பவும் ஆணியில் இருந்தது. உள்ளே வியர்வை ஈரம். தாடைக்குக் கீழே போடும் நாடிப்பட்டி ஒழுங்காகப் பூட்டியிருந்தது. அதன்பிறகு ஒருநாளும் தவறவில்லை. ஆத்திரத்தில் மங்களேஸ்வரி அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்றும் அது போய்வந்தது.

"இப்ப போட்டு என்ன பிரயோசனம்? உயிரோடை இருக்கேக்கை எங்கை போனது இந்தப் புத்தி?" என்று பின்னேரங்களில் ஆணியைப் பார்த்துத் திட்டுவாள்.

இன்று காலை மகள் தர்ஷிகா வெறுந்தலையோடு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

"ஹெல்மெட்டைப் போடடி!"

"அதை அப்பா கொண்டு போயிட்டார். நான் சந்திக்குத்தானே அம்மா போறன்."

மங்களேஸ்வரி பாய்ந்துபோய் ஸ்கூட்டியை நிற்பாட்டித் திறப்பைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள்.

"அப்ப அவர் வருமட்டும் இரு."

பின்னேரம் ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து, மகளின் தலையில் அழுத்திப் பட்டியைப் பூட்டினாள்.

"இப்ப போ."

தர்ஷிகா நாடியில் கைவைத்துப் பார்த்தாள். பட்டி இன்னும் சூடாக இருந்தது.