மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கூடை

"கொண்டுபோன ஆப்பிளை அமுக்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்த பொம்பளைக்கு என்னத்தைடி வாங்குறது?"

சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே ஜெயம்மா புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பொம்பளை, டோ காளியம்மா. யாங்கோனில் வயதில் பெரிய பெண்களை மரியாதையாக 'டோ' போட்டுக் கூப்பிடுவார்கள். காளியம்மாவைப் பயத்தில் கூப்பிடுவார்கள். அவள் மகன் குழந்தைவேலுவுக்கு ஜெயம்மாவின் தங்கை விஜயகுமாரியைப் பிடித்துப் போயிற்று. இவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. இனி காளியம்மாவுக்குப் பிடித்தால் கல்யாணம்.

போன வருஷம் வந்த சம்பந்தத்தை, ஆப்பிள் கனிந்துபோச்சு என்று சொல்லியே தட்டிக் கழித்தாளாம். கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

"மாமா கூட வந்திருக்கலாம்க்கா," என்றாள் விஜயகுமாரி.

"உங்க மாமா எங்கே வர்றாரு! ஷ்வேப்யிதா ஃபேக்டரியில தைச்ச சட்டையெல்லாம் இன்னிக்கே கப்பல் ஏறணுமாம். நம்மளை நடுக்கடல்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு."

ஜெயம்மா தங்கையோடு தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தெருமுனையில் கையை நீட்டிக் காட்டிக் காய் வாங்கியே காலத்தை ஓட்டியவள். இந்த மாதிரிக் கடைக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. வீட்டில் பாதி நாள் கரண்ட் கிடையாது, இங்கே என்னடாவென்றால் பல் கிட்டுகிற குளிர்.

"அக்கா, தேயிலையை ஊறுகாய் போட்டு வெச்சிருக்காங்க. வாங்கலாமா?"

"கீழே வை. டீத்தூள் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவா."

"காய்ஞ்ச இறால்?"

"சம்பந்தம் பேசக் கருவாட்டோட போவாங்களாடி, கூறு கெட்டவளே!"

"இந்த முள்ளுப் பழம்?"

"ஐயே, வேண்டாம் வேண்டாம்! நாம பேசப் போறது கல்யாணம்டி, சண்டை இல்லை."

அரை மணி நேரம் சுற்றியும் வண்டியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட ஏறவில்லை. ஜெயம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் கடைக்கோடியில் அதைப் பார்த்தாள்.

வரிசையாகக் கூடைகள். மேலே பளபளவென்று மஞ்சள் கண்ணாடித்தாள். உள்ளே சோப்பு, பற்பசை, காபி பாக்கெட், ஒரு குடை. நடுவில் அரக்கு நிறத் துணி ஒன்று, தாமரைப் பூ மாதிரி மடித்து.

"அடியே, சீர்வரிசைடி! மாப்பிள்ளைக்கு வேட்டி உள்பட எல்லாம் வெச்சுக் கட்டியே விக்கிறானுங்க. என்ன ஊருடா இது!"

இருப்பதிலேயே பெரிய கூடையாகப் பார்த்துத் தூக்கினாள்.

பில் போட்ட பெண் கூடையைப் பார்த்ததும் கைகூப்பினாள். "பாத்தியா, என் முகத்தைப் பார்த்தே விசேஷம்னு கண்டுபிடிச்சுட்டா," என்றாள் ஜெயம்மா. டாக்ஸிக்காரர் இன்னும் ஒரு படி மேலே. கூடையைப் பயபக்தியோடு வாங்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். இவர்களைப் பின்னால் ஏறச் சொன்னார்.

காளியம்மா வீடு மூன்றாவது மாடி. ஜெயம்மா மூச்சு வாங்கப் படியேறி, கூடையை நேராக மாப்பிள்ளை கையில் கொடுத்தாள்.

"தம்பி, உங்களுக்குத்தான். வேட்டி அளவு சரியா இருக்கான்னு கட்டிப் பாருங்க."

குழந்தைவேலு திருதிருவென்று முழித்தான். அவன் தங்கை புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா... இது பொங்கிக்குக் குடுக்குறது."

"யாரும்மா பொங்கி?"

"புத்த சாமியார்க்கா. மடத்துக்குத் தானம் பண்றதுக்குன்னு கடையில கட்டி வெச்சிருப்பாங்க. அது வேட்டி இல்லை, சாமியார் கட்டுற துவராடை."

ஜெயம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பெண் கொடுக்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்குச் சந்நியாசம் கொடுத்திருக்கிறாள்! ஆப்பிளுக்கே சம்பந்தத்தை முறித்தவள் இதற்கு என்ன செய்வாள்? பாவி, தங்கச்சி வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துட்டேனே என்று உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். விஜயகுமாரியின் கண் குளமாகிவிட்டது.

காளியம்மா எழுந்து வந்தாள். கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடித்தாளை ஒரு விரலால் அமுக்கிக்கூடப் பார்த்தாள்.

"புஷ்பா, பல்லைக் காட்டாதே," என்று அதட்டினாள். பிறகு மகன் கையிலிருந்த கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு என் மாமியாருக்கு வருஷத் திதி. மடத்துக்குக் கூடை வாங்கணும்னு காலையிலேருந்து தவிச்சுக்கிட்டு இருக்கேன், கடைக்குப் போக ஆளில்லை. எனக்குன்னே கொண்டாந்த மாதிரி கொண்டாந்திருக்கே. உட்காரு ஜெயம்மா. நல்ல காரியம் பேச வந்த இடத்துல எதுக்கு நிக்கறே?"

அப்புறம் டீ வந்தது. பலகாரம் வந்தது. காளியம்மா விஜயகுமாரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். தை மாதம் முகூர்த்தம் என்று அவளே முடிவும் செய்துவிட்டாள்.

விடைபெற்று வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நாலு படி இறங்கியதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"அந்த மாமியார்க் கிழவி மகராசிடி. செத்தும் நம்ம மானத்தைக் காப்பாத்திட்டா!"

மேலே, சாத்தாத கதவு வழியாக ஒரு கிழட்டுக் குரல் கணீரென்று கேட்டது.

"அடியே காளி! என்னைப் பின்ரூம்ல தள்ளி அடைச்சுட்டு ஒரு வாய் டீகூடக் குடுக்காம என்னடி பண்றே? ஏதோ திதின்னு காதுல விழுந்துச்சே, யாருடி செத்தது?"

"நீங்கதான் அத்தை. அந்தப் புள்ளைங்க படி இறங்குற வரைக்கும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."