வெளிச்சம் பிடிக்க ஓர் ஆள்

மூன்று டார்ச்சுகளும் கண்ணாடி மேசைமேல் கிடந்தன.

மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்குபவை. மூன்றும் கறுப்பு.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து, அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த உள்ளறை இருட்டில் அடித்துப் பார்த்தாள்.

முதலாவதின் ஒளி நேராகப் போய்ச் சுவரில் பொட்டாக நின்றது. இரண்டாவது பரவலாக விழுந்தது. தரை முழுக்கத் தெரிந்தது. மூன்றாவதும் அப்படித்தான். ஆனால் அது சார்ஜ் போடுவது.

எஸ்டேட் லைன் வீடுகளில் மழைக்காலத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கரண்ட் இருக்காது. மூன்றாவதை ஒதுக்கி வைத்தாள்.

"மொதல்ல பாத்தத எடுங்கக்கா," என்றார் கடைக்காரர். "அறுவது ரூவா கம்மி. பென்சில் செல்லு ரெண்டு போட்டா மாசக்கணக்குல வரும். யானை நின்னா தூரத்துலயே தெரிஞ்சுரும்."

அவர் சொன்னது சரிதான்.

"இதுல கிளிப் இல்லையே," என்றாள்.

"கையில பிடிக்கறதுக்கு கிளிப் எதுக்குக்கா?"

இரண்டாவதை எடுத்து ஸ்வெட்டரின் கழுத்தில் மாட்டினாள். இரண்டு கைகளையும் தொங்கவிட்டாள்.

குனிந்தாள். நிமிர்ந்தாள்.

விழவில்லை.

"இதையே குடுங்க."

லைனில் பத்து வீடுகள். ஒன்பது பூட்டிக்கிடக்கின்றன. கடைசியாகப் போனது பக்கத்து வீட்டுக் கலாமணி. போன மாதம்தான், திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்கு.

பதினெட்டு வருடம் இருவரும் சேர்ந்தே ஊற்றுக்குப் போனார்கள். ஒருத்தி குடங்களைத் தூக்குவாள். மற்றவள் வெளிச்சம் பிடிப்பாள். அடுத்த நடைக்கு முறை மாறும்.

வால்பாறையிலிருந்து பஸ் வந்து இறக்கிவிட்டபோதே பனி மூடியிருந்தது. ஆறரை மணிக்கே பாதை தெரியவில்லை.

வீட்டில் குடங்களை எடுத்து, டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இடுப்பில் ஒரு குடம். கையில் ஒரு குடம்.

சரிவில் வெட்டிய படிகளில் இறங்கினாள்.

ஊற்றுப் பக்கத்தில்தான் போனுக்கு டவர் கிடைக்கும். முதல் குடம் பாதி நிறைந்திருக்கையில் போன் அடித்தது.

கலாமணி.

"எங்கக்கா இருக்க?"

"தண்ணிக்கு வந்தேன்."

"இந்நேரத்துலயா? தனியாவா?"

குடம் நிறைந்தது. வழிந்தது. அவள் அதை நகர்த்தவில்லை.

"தனியா எதுக்கு வர்றேன்? உன் வீட்டுக்கு ஆளு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணுதான் வெளிச்சம் பிடிக்கறா."

மறுமுனையில் தையல் மெஷின்களின் இரைச்சல். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. இரைச்சல் நின்றது.



"கேக்குதா?" என்றாள் அவள்.

"கேக்குதுக்கா."

மறுமுனையில் யாரோ கூப்பிட்டும் கலாமணி போனை வைக்கவில்லை.

"அவகிட்டச் சொல்லுக்கா. ஏறும்போது மூணாவது படியில பாசி இருக்கு, வழுக்கும்னு."

"சொல்றேன்."

போனை ஸ்வெட்டருக்குள் போட்டாள். இரண்டாவது குடத்தையும் நிரப்பித் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

ஒன்று. இரண்டு.

நின்றாள்.

"பாசி இருக்கு, பாத்துக் கால வை," என்றாள், வாய்விட்டு.