காற்று பிரிந்தவன்

அரிசி மில்லில் மூட்டை தூக்கித் தூக்கி இறங்கிப்போன குடலை வயிற்றுக்குள் தள்ளித் தைத்திருக்கிறார்கள். காற்று பிரிகிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, சடையப்பன் கண் விழித்துக் கிடக்கிறான். பினாயிலையும் மீறிச் சீழ் வாடை வருகிறது. பக்கத்துக் கட்டில் மணவாளனுக்கும் இதே ஆபரேஷன்தான். அவனுடைய எச்சில் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் குமட்டுகிறது, குமட்டினால் தையல் இழுக்கிறது. மணவாளனோ வாயைப் பிளந்து குறட்டை விடுகிறான். திடீரென்று அவன் போர்வைக்குள்ளிருந்து கோரைப்பாயைக் கிழிப்பது போல நீளமாக ஒரு சத்தம். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. சடையப்பன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். எதிர்க்கட்டில் வேப்பம்பட்டுக் கிழவர், "அடச்சே, எவன்யா அது? எலி செத்தாப்ல நாறுது" என்கிறார். நர்ஸம்மா தண்ணீர்க் கூஜாவோடு ஓடி வருகிறாள்.

"யாருக்குப் பிரிஞ்சுது?"

மணவாளனின் குறட்டை நிற்கவில்லை. சடையப்பன் மூக்கிலிருந்து துண்டை எடுக்கிறான்.

"எனக்குத்தாம்மா."

"தண்ணி தண்ணின்னு ராவெல்லாம் பேஜாரு பண்ணிக்கினு இருந்தியே. வாயத் தொற."

ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அதிலும் அந்த நாற்றம்தான் அடிக்கிறது. அடுத்த ஸ்பூனுக்கு அவன் வாயைத் திறந்தே வைத்திருக்கிறான்.