நீ என்கிற பாடம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஸ்பெயின் ஆர்டர்களைப் பார்க்கும் இனியாவின் காதுக்குப் பின்னால், உயர் இடைநிலை ஸ்பானிஷ் பட்டையை ஒட்டிவிட்டார்கள். ஒட்டினால் போதும், மொழி தானாகவே மூளைக்குள் இறங்கிவிடும். இதற்கு முந்தைய பட்டையில் வெறும் மொழிதான் இருந்தது. இதில் கலாச்சாரமும் சேர்ந்தே இறங்கும்.

மறுநாள் காலை அவள் மாமனாரின் தட்டைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்கோ."

மகுடேஸ்வரனுக்குப் புரையேறிவிட்டது. வீட்டு நாயைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற குடும்பம் அவருடையது.

"என்ன அம்மிணி சொன்னீங்க?"

"உன்னத்தான் மாமா. அங்கெல்லாம் மொதலாளியவே நீன்னுதான் கூப்பிடுவாங்க. நெருக்கம்னு அர்த்தம்."

அவர் பட்டை செய்யும் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். வருந்துகிறோம் என்று சொல்லி, வீட்டாரும் பழகிக்கொள்ள வசதியாக இன்னொரு பட்டையை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. மனைவி வளர்மதிதான் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக அவரை 'ஏனுங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள்.

அடுத்த நாள் காலை அவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்: "வளரு, காப்பி எங்கே?"

"அடுப்பு மேல இருக்குது. நீயே போயி ஊத்திக்கோ."

அவர் பேப்பரைக் கீழே போட்டார். "இவளுக்கும் ஒட்டிட்டியா?"

இனியா சமையலறையை எட்டிப் பார்த்தாள். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் பட்டை பிரிக்காமலே கிடந்தது. அத்தை அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"ஆமா மாமா, ஒட்டியாச்சு. இனிமே கழட்ட முடியாது."