பெலவேந்திரன் வீட்டு வரவு

செலின் எதிரில் ‘குழந்தை’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்பது பெலவேந்திரன் குடும்பத்தில் யாரும் இயற்றாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்த சட்டம். திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள்; அச்சொல் வர வேண்டிய இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவதே அங்கே நாகரிகம் எனப்பட்டது.

ஆகவே, 1978 கிறிஸ்துமஸ் அன்று காலை காவலூரில் பஸ்ஸை விட்டிறங்கித் தம்பி வீட்டுக்குள் நுழைந்த பிலோமினா, பூப்போட்ட சிறிய கவுன் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு, “எங்க அது?” என்று மட்டும் கேட்டாள். கவுன் அவள் மகள் போட்டுக் கழித்தது. இஸ்திரி மட்டும் புதிது.

“தோட்டத்துல இருக்காங்கக்கா” என்றான் பெலவேந்திரன். மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அக்காவின் எதிரில் மாணவன்.

“இருக்காங்களாம்! அதுக்கு மரியாத ஒண்ணுதான் கொறச்சல்.”

அவளை வேலூரிலிருந்து மலையேற்றியது ஒரு கடிதம். ஒவ்வொரு டிசம்பரிலும் பெலவேந்திரனும் மனைவி செலினும் தங்கள் ஓராண்டு வாழ்க்கையை உறவினர் ஏழு பேருக்கு ஏழு இன்லண்டு கடிதங்களில் எழுதி அனுப்புவார்கள். அதைச் சத்தம் போட்டு வாசித்துச் சிரிப்பது பிலோமினா வீட்டில் முறுக்குக்கும் கேக்குக்கும் இடைப்பட்ட ஒரு பலகாரம்.

இந்த ஆண்டுக் கடிதமும் முறையாகவே தொடங்கியிருந்தது: ‘டைகருக்குச் சொறி ஆறிவிட்டது. மூன்று முயல்கள் பதினொன்றாகிவிட்டன. செலின் ஒயர் கூடை பதினாறு பின்னினாள்; தீக்குச்சியால் மாதா கோயில் ஒன்று கட்டினாள்.’ அதுவரை சிரிப்பு ஓயவில்லை. அடுத்த வரியில் ஓய்ந்தது. ‘சித்திரையில் சின்னக்குழந்தை வந்த பிறகு வீடு வீடாக இருக்கிறது.’

பிலோமினா அந்த வரியை நான்கு முறை வாசித்தாள். நான்கு முறையும் தன் கடைசி மகன் சேவியரைப் பற்றியே வாசித்தாள். வருகிற ஜனவரியில் அவனைத் தம்பிக்குத் தத்துக் கொடுப்பது, தம்பிக்குப் பிறகு அவன் பேரிலுள்ள வாணியம்பாடி வீடு சேவியருக்கு வருவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். தம்பி தலையாட்டியிருந்தான். செலினை யாரும் கேட்கவில்லை.

“இன்னா இது?” பிலோமினா தீக்குச்சிக் கோயிலை விரலால் தட்டினாள். “பீடி பத்த வெக்கவாவது ஆவுமா? நாயி, முயலு, கூட… பொழுது போவலன்னா ஜெபமால சொல்றதுதானே! இதெல்லாம் பத்தாதுன்னு இப்ப அது வேற.”

“உக்காருங்க அண்ணி. காப்பி தரேன்” என்றாள் செலின்.

“காப்பி கெடக்குது. வந்து எத்தினி மாசம் ஆச்சு?”

“எட்டு மாசம்.”

“அப்பன் ஆரு?”

“அப்பன் இல்லைங்க. அம்மாவும் செத்துட்டாங்க.”

“மலைக்காரங்களா?”

“ஆமாங்க. சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தரும் இல்ல.”

பிலோமினா நெற்றியில் அறைந்துகொண்டாள். “எவளோ ஒருத்தி பெத்தத வூட்டுக்குள்ள வெச்சிக்கினு அத ஏழு ஊருக்கு எழுதி வேற அனுப்பியிருக்கீங்க! ஏண்டா, ரத்தம்னு ஒண்ணு இல்ல? எம்புள்ள உனுக்குக் கசந்துட்டானா?”

“அக்கா, நீ தப்பா நெனச்சிக்கினு… அவங்க பேரே…” பெலவேந்திரன் செலினைப் பார்த்தான். மீதி நாவிலேயே நின்றது. பதினான்கு ஆண்டுப் பழக்கம்.

“பேரு வேற வெச்சாச்சா! கேட்டுக்கோ. கொண்டாந்த எடத்துலயே இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வுட்டுட்டு வா. இல்லன்னா அம்மா வூட்டு வாசப்படிய இனிமே நீங்க ரெண்டு பேரும் மிதிக்கக் கூடாது.”

தாய் வீடு என்ற சொல்லுக்கு அடங்காத தம்பி அந்தக் குடும்பத்தில் இதுவரை பிறந்ததில்லை. பெலவேந்திரன் தரையைப் பார்த்தான். அவன் தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

செலின் கவுனை எடுத்தாள். அதன் தோள்பட்டையில் இருந்த பழைய பால்கறையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்துப் பிலோமினாவின் பைக்குள்ளேயே வைத்தாள்.

“இந்த வூட்லேர்ந்து யாரையும் அனுப்ப மாட்டேன் அண்ணி. சேவியரும் அவன் அம்மாகிட்டயே இருக்கட்டும்.”

தம்பி மனைவி ‘மாட்டேன்’ என்று சொல்லிப் பிலோமினா கேட்டது அதுவே முதல் முறை. செலின் தோட்டத்துக் கதவைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

“சின்னக்குழந்தை!”

பெலவேந்திரன் கண்களை மூடிக்கொண்டான்.

டைகரைக் குளிப்பாட்டிய ஈரக்கையோடு, ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி உள்ளே வந்தாள். பாதி நரைத்த கூந்தலை அள்ளி முடிந்திருந்தாள். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அதுதான்; அந்த மலையில் வெகு சாதாரணமான பெயர். மலைக்காரர்களிடம் பேர் கேட்கும் வழக்கம் பிலோமினாவுக்கு இல்லை.

வந்தவள் விருந்தாளியைப் பார்க்கவில்லை. செலினின் கண்களைப் பார்த்தாள். அவசரமாகக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தை நிமிர்த்திக் கேட்டாள்:

“இன்னா கொழந்த, ஆரு உன்ன அழ வெச்சது?”