என்ன மரம்

அவள் கையை நீட்டவில்லை.

தங்கை தமயந்தியே கைக்குட்டையைப் பிரித்து, பைப்பை மேசைமேல் வைத்தாள்.

அப்பாவின் புகையிலை பைப். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறாள். கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அப்பா அதைத் தமயந்தியிடம் நீட்டினார். மூத்தவளான அவள் கட்டிலுக்கு மறுபக்கம் நின்றிருந்தாள்.

"நெட்ல ஒரு குரூப் இருக்குக்கா. பழைய பைப்பு சேக்கறவங்க. போட்டோ போட்டேன். கம்பெனி முத்திரை இல்ல, ஒண்ணும் தெரியலங்கறாங்க. ஒருத்தர் ஆலிவ்ங்கறார். இன்னொருத்தர் ரோஸ்வுட்டுங்கறார். நீதான் பாத்துச் சொல்லணும்."

மரத்துக்குப் பெயர் சொல்வது அவள் வேலை. கோயம்புத்தூரில் இந்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடங்கள். கோயில் கதவு வந்திருக்கிறது. கடத்தல் கட்டை வந்திருக்கிறது. ஒருமுறை மூழ்கிய தோணியின் பலகை வந்தது.

அப்பாவின் பைப் வந்ததில்லை.

தமயந்தி அதைப் பளபளவென்று வைத்திருந்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள். அதுவும் பிடிக்கவில்லை.

வாய்க்குழலைத் திருகிக் கழற்றினாள். கறுப்பு ரப்பரில் அப்பாவின் பல் தடம். தங்கை பார்க்காதபடி கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

அடிப்பக்கம் பிளேடை வைத்து, காகிதத்தைவிட மெல்லிசாக ஒரு சீவல்.

"பாத்துக்கா," என்றாள் தமயந்தி.

"எனக்குத் தெரியும்."

சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். நுண்ணோக்கியில் குனிந்தாள்.

பொடிப்பொடித் துளைகள். எங்கும் ஒரே சீராக, நெருக்கமாக.

ஆலிவ் இல்லை. ரோஸ்வுட் என்கிற ஈட்டியும் இல்லை. பைப்புக்கென்றே வெளிநாட்டில் தோண்டியெடுக்கும் வேர்க்கட்டையும் இல்லை. அதற்குச் சொந்தம் மாதிரி ஏதோ ஒன்று. எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்து வந்தாள். அதில் ஒரு சீவல் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

காட்டுப்பூவரசு.

நீலகிரி உச்சியில் சிவப்பாகப் பூக்கிற மரம். எந்தக் கம்பெனியும் அதில் பைப் செய்து அவள் கேள்விப்பட்டதில்லை. எஸ்டேட் துரை ஒருத்தர் கொடுத்தது என்றுதான் அப்பா எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

புகைத் துளைக்குள் டார்ச் அடித்தாள். இயந்திரம் போட்ட துளை இல்லை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திய கருகல். வாய்க்குழல் நுழைகிற இடத்தில், பாலீஷ் எட்டாத உள்விளிம்பில், கத்திக் கீறல்கள். எல்லாம் இடது கையால் இழுத்தவை.

அந்தக் கீறலை அவளுக்குத் தெரியும். ஹாஸ்டலுக்குப் போகும்வரை அவள் பென்சில்களை அப்பாதான் சீவித் தந்தார். இடது கையால்.

அப்பாவே செய்திருக்கிறார்.

எப்போது என்றும் தெரிந்துவிட்டது. அந்த மரம் வளர்கிற அவலாஞ்சி மலையில் அவர் வனக்காவலராக இருந்த இரண்டு வருடம். அவளைப் படிக்க ஊட்டி ஹாஸ்டலில் விட்டிருந்த இரண்டு வருடம். அம்மாவும் அப்பாவும் தமயந்தியும் மட்டும் அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்த இரண்டு வருடம்.

அவர் செதுக்கச் செதுக்க, நாலு வயதுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து சீவல்களை அள்ளி விளையாடியிருப்பாள்.

அது தமயந்திக்கு ஞாபகம்கூட இல்லை.

"என்னக்கா? கண்டுபிடிச்சிட்டியா?"

சொன்னால் இதுவும் தமயந்திக்குப் போய்விடும்.

"ஏதோ நாட்டு மரம். துரை கடைல வாங்கினதுதான். பேர் சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல."

இருபத்தாறு வருடத்தில் தெரிந்தே தப்பாகச் சொன்ன முதல் மரம்.

தங்கையின் முகம் வாடும் என்று காத்திருந்தாள்.

வாடவில்லை. தமயந்தி ஒரு பெருமூச்சு விட்டு, வாய்க்குழலைத் திருகிப் பொருத்தி, பைப்பை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப நீயே வச்சுக்கக்கா. குடுக்கத்தான் கொண்டாந்தேன். அரிய பொருள் அது இதுன்னா நீ வாங்க மாட்டியோன்னு பயந்துட்டே வந்தேன். அன்னிக்கே குடுத்திருக்கணும். வாய் வரல."

அவள் அதைக் கையில் எடுத்தாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

ஒன்பது வருடம் இதற்குத்தான் ஏங்கினாள். வந்துவிட்டது. ஆனால் அப்பா கொடுக்கவில்லை. இப்போதும் தமயந்திதான் கொடுக்கிறாள். இவளால் இப்படிக் கொடுக்க முடிகிறதே என்று, அதற்கும் வயிறு எரிந்தது.

தமயந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலரைக்கு மேட்டுப்பாளையம் பஸ். வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"தமா."

திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த பஸ்ல போலாம். வந்து உக்காரு."

ஸ்டூலை நுண்ணோக்கிக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். தமயந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"பொட்டுப் பொட்டா ஏதோ தெரியுது. அழகா இருக்கு. என்னக்கா இது?"

அவள் தங்கையின் தோளில் கை வைத்தாள். "காட்டுப்பூவரசு. அப்பாவே செதுக்கினது," என்றாள்.