உள்பைச் சூடு

பனிமலைக்குப் போன கேமராவுக்குள் அண்ணன் பேட்டரி வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி பேட்டரியோ, படம் பிடிப்பவரின் சட்டை உள்பையில், அவர் உடம்புச் சூட்டில் சுகமாகப் படுத்திருந்தது.

“நான் இங்கே விறைச்சுப்போய்க் கிடக்கேன், துரைக்குத் தூக்கம் கேட்குதா?” என்று அண்ணன் வழியெல்லாம் பொருமியது.

“கூப்பிட்டா வந்துடுறேன் அண்ணே” என்றது தம்பி.

பாறைமேல் பனிச்சிறுத்தை ஒன்று வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து அண்ணன் குளிரில் மயங்கிவிட்டது. படம் பிடிப்பவர் பதறிப்போய் அதை உள்பையில் போட்டுவிட்டு, தம்பியைக் கேமராவுக்குள் தள்ளினார். நல்லவேளை, சிறுத்தை படத்தில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் பையின் சூட்டில் அண்ணனுக்கு உயிர் வந்தது. வெளியே தம்பி வெடவெடவென்று நடுங்கும் சத்தம் கேட்டது. அண்ணன் புரண்டு படுத்துக்கொண்டு குரல் கொடுத்தது:

“ஏன்டா இப்படி நடுங்கி மானத்தை வாங்குறே? அப்படி என்னடா பெரிய குளிரு?”